லேபிளில் நான்கு பெயர்கள்

அபா குழுவின் முதல் சிங்கிள் எது? பாப் இசை ரசிகர்கள் நாலு பேரிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் நாலு பதில் வரும். 'வாட்டர்லூ' என்பார் ஒருவர். 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் முதல் பரிசு பெற்ற பாட்டு அது. அபா என்ற பெயரை உலகம் கேள்விப்பட்டதே அன்று இரவுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 'ரிங் ரிங்' என்பார், அது 1973. பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிக்கிறவர்கள் 1970க்கே போய்விடுவார்கள். ஒவ்வொருவர் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. இருந்தாலும் சரியான விடை, பலருக்கும் தெரியாத வேறொரு பாட்டு: 1972 ஜூனில் ஸ்வீடனில் வெளிவந்த 'பீப்பிள் நீட் லவ்'.

கோடிக்கணக்கில் விற்ற 'அபா கோல்ட்' தொகுப்பில் இந்தப் பாட்டு கிடையாது. அதன் பிறகு வந்த 'மோர் அபா கோல்ட்' தொகுப்பிலும் கிடையாது. 'டான்சிங் குவீன்', 'மம்மா மியா' வழியாகக் குழுவை அறிந்தவர்கள் இதைக் கேட்காமலேயே ஒரு வாழ்நாளைக் கழித்துவிடலாம். கேட்டாலும், இதைப் பாடியவர்களா அதைப் பாடினார்கள் என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் தவறானதல்ல. இந்தப் பாட்டைப் பதிவுசெய்த நாளில் அபா என்ற குழுவே இல்லை. இருந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் தனித்தனியே பெயர் வாங்கியவர்கள். சேர்ந்து ஒரு தட்டு போட்டுப் பார்க்கலாமே என்று வந்தவர்கள்.

சிங்கிள் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஏழு அங்குல இசைத்தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. விற்பனைக்காகப் போடுவது முன்பக்கத்துப் பாட்டை. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம்தான் லேபிள். பாட்டின் தலைப்பு, எழுதியவர், பாடியவர், நிறுவனம் எல்லாம் அதில் இருக்கும். யார் பாடினார்கள் என்பது வேறு, யார் பெயரில் தட்டு வெளிவந்தது என்பது வேறு. பின்னணியில் குரல் கொடுத்தவரின் பெயர் லேபிளில் இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் சிங்கிள் எது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, காதில் விழும் குரலோடு லேபிளில் அச்சாகியிருக்கும் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 1970ஐச் சொல்கிறவர்களின் வாதம் நிற்காது. அந்த ஆண்டு பியோர்ன் உல்வேயசும் பென்னி ஆண்டர்சனும் 'ஷீஸ் மை கைண்ட் ஆஃப் கேர்ள்' என்ற சிங்கிளை வெளியிட்டார்கள். ஒரு கவர்ச்சிப் படத்துக்காக எழுதிய பாட்டு. ஸ்வீடனில் பெரிதாக எடுபடவில்லை. இரண்டு வருடம் கழித்து, யாரும் எதிர்பாராதபடி ஜப்பானில் முதல் பத்து இடங்களுக்குள் போய்விட்டது. ஆனால் அது இரண்டு ஆண்களின் பாட்டு. அதே 1970இல் இருவரும் 'லிக்கா' என்ற நெடுந்தட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் சால்வேஷன் ஆர்மிக்கார முதியவர் ஒருவரைப் பற்றிய 'ஹேய் காம்லே மான்' என்ற பாட்டு உண்டு. நால்வரின் குரலும் சேர்ந்து ஒலித்த முதல் பதிவு அதுதான். ஆனால் தட்டில் இருந்தவை பியோர்ன், பென்னி என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே. பெண்கள் இருவரும் உதவிக்கு வந்தவர்களாகவே கணக்கில் வைக்கப்பட்டார்கள்.

பாடகர்கள் என்ற அளவில், அன்றைய ஸ்வீடனில் இந்த இரு பெண்களும் அப்படி உதவிக்கு வர வேண்டிய நிலையில் இல்லை. யென்ஷோப்பிங் நகரத்துப் பெண்ணான அக்னேதா ஃபால்ட்ஸ்கோக், தானே எழுதிய பாட்டோடு 1968 ஜனவரியில் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர். அப்போது வயது 17. ஆனி-ஃப்ரீட் லிங்ஸ்டாட், எல்லோரும் அழைக்கும் பெயரில் ஃப்ரீடா, நார்வேயில் பிறந்து ஸ்வீடனில் பாட்டியிடம் வளர்ந்தவர். பதின்பருவத்திலேயே நடன இசைக்குழுக்களில் பாடியவர். 1967 செப்டம்பர் 3 அன்று ஒரு திறமைப் போட்டியில் வென்று, அன்று இரவே தேசியத் தொலைக்காட்சியில் தோன்றினார். சாலைப் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நாடே மாற்றிக்கொண்ட நாள் அது. வண்டியை எடுக்காமல் வீட்டிலேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததால் டிவி முன்னால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஆண்களும் புதியவர்களல்லர். பென்னி, ஸ்வீடனின் பெரிய ராக் குழுவாக இருந்த ஹெப் ஸ்டார்ஸின் கீபோர்டு கலைஞர். பியோர்ன், ஹூட்டனானி சிங்கர்ஸ் என்ற நாட்டுப்புறப் பாட்டுக் குழுக்காரர். இருவரும் 1966இல் சந்தித்து, சேர்ந்து பாட்டு எழுதத் தொடங்கினார்கள். பிறகு பியோர்ன் அக்னேதாவையும் பென்னி ஃப்ரீடாவையும் காதலிக்க, இரண்டு ஜோடிகளும் ஒன்றாகப் புழங்கத் தொடங்கின. 1970 நவம்பரில் கோதன்பர்க் நகரில் நால்வரும் சேர்ந்து ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தினார்கள். உணவகங்களில் சாப்பிட வந்தவர்கள் முன்னால் பாட்டும் நகைச்சுவையும் கலந்து கொடுக்கிற வகை. அது எடுபடவில்லை. தோல்வியென்றே அவர்கள் நினைத்தார்கள். நால்வரும் ஒரு குழுவாவது என்ற பேச்சே அதன்பிறகு ஓராண்டுக்கும் மேல் எழவில்லை. முதல் பார்வையிலேயே குழு பிறந்துவிட்டதுபோல் எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

குழுவுக்கு வழி திறந்ததற்கு ஒரு சாவும் காரணம். போலார் மியூசிக் நிறுவனத்தை நடத்தியவர் ஸ்டிக் ஆண்டர்சன். பாடலாசிரியர், பதிப்பாளர், பேரம் பேசுவதில் சூரர். அவருடைய பங்காளி பெங்ட் பெர்ன்ஹாக் நெடுநாள் நோயாளி. 1971 ஜூலை 6, பியோர்னுக்கும் அக்னேதாவுக்கும் திருமணம் நடந்த அதே நாளில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காலியான தயாரிப்பாளர் பொறுப்பைப் பியோர்னிடம் கொடுக்க முன்வந்தார் ஸ்டிக். பென்னியும் வந்தால்தான் வருவேன் என்றார் பியோர்ன். இரண்டு பேருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஸ்டிக் கையை விரிக்க, ஒரு சம்பளத்தை இருவரும் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். இந்த அரைச் சம்பள ஏற்பாட்டுக்கு அபா வரலாற்றில் உரிய இடம் கிடைப்பதில்லை. ஸ்டூடியோ நேரம் சொந்த நிறுவனத்தின் பொறுப்பில் வந்ததும் இரண்டு பாடலாசிரியர்களும் மற்றவர்களுக்குத் தட்டு போட்டுப் போட்டு ஒலிப்பதிவு வேலையைக் கற்றுக்கொண்டார்கள். 1971இல் ஃப்ரீடா பாடி முதலிடம் பிடித்த 'மின் ஏகன் ஸ்டாட்' பென்னி தயாரித்தது. அதன் பின்னணிக் குரல்களில் நால்வருமே இருந்தார்கள்.

1972 மார்ச் 29 அன்று ஸ்டாக்ஹோமில் உள்ள மெட்ரோனோம் ஸ்டூடியோவில் 'பீப்பிள் நீட் லவ்' பதிவானது. பாட்டையும் இசையையும் எழுதியவர்கள் பென்னியும் பியோர்னும். அக்காலத்தில் அவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ. பின்னால் அபாவின் ஒலியையே உருவாக்கியவர் என்று பெயர் எடுக்கப்போகிறவர்.

மாதிரியாக எடுத்துக்கொண்டது ப்ளூ மிங்க் என்ற பிரிட்டிஷ் குழுவை. ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் முன்னணிக் குரலாக நின்று, எல்லோரும் ஒன்றாக வாழலாம் என்ற கருத்தில் பாட்டுப் பாடிப் பட்டியலில் ஏறிய குழு அது. அந்த ஆண்டுகளில் இந்த வகைக்கு நல்ல மவுசு. உலகத்துக்கே பாடக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்ன குளிர்பான விளம்பரத்தைப் பாட்டாக்கி வெற்றி பெற்ற நியூ சீக்கர்ஸிலும் ஆணும் பெண்ணும் கலந்தே இருந்தார்கள். ஸ்வீடனிலேயே ஃபேமிலி ஃபோர் என்று இரண்டு ஆண், இரண்டு பெண் கொண்ட குழு ஒன்று 1971, 1972 என இரண்டு ஆண்டும் யூரோவிஷனுக்குப் போய்வந்தது. ஆக, இரண்டு ஜோடிகள் சேர்ந்து பாடுவது அபா கண்டுபிடித்த புதுமை என்று நினைப்பது சரியல்ல. ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அவர்களும் ஏறினார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த வண்டியை எங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள் என்பது வேறு கதை.

இனி பாட்டுக்குள் போகலாம். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கை தட்டிக்கொண்டே பாடத் தோன்றும் சீரான நடை. மனிதருக்கு மனிதர் அன்பும் நம்பிக்கையும் தேவை என்பதுதான் முழுச் செய்தியும். ஆண்களும் பெண்களும் பாட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். பல்லவியில் எல்லோரும் கூடுகிறார்கள். வரிகளைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆணுக்குத் துணையாகப் பெண், பெண்ணுக்குப் பக்கபலமாக ஆண் என்ற பழைய பங்கீடு இன்று கேட்கும்போது சற்று உறுத்தும். ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம். பியோர்ன் பின்னால் எழுதிய 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' போன்ற பாட்டுகளை வைத்துப் பார்த்தால் இது பயிற்சி நோட்டு.

குரல்கள் விஷயம் வேறு. ஆண்கள் பாடும் பகுதி நேர்த்தியாக இருக்கிறது, மனதில் நிற்பதில்லை. இரு பெண்களும் சேர்ந்து வாயைத் திறக்கும்போது பாட்டின் உயரமே கூடுகிறது. அக்னேதாவுடையது உச்சத்தில் தெளிவாக ஒலிக்கும் சொப்ரானோ. ஃப்ரீடாவுடையது சற்றுக் கீழே, அடர்த்தியான மெஸ்ஸோ. ஒரே சுரத்தில் இருவரும் சேரும்போது இரண்டும் கலந்து மூன்றாவது குரல் ஒன்று கேட்பதுபோல் இருக்கும். பிற்காலத்து அபாவின் ரகசியம் என்று எதைச் சொல்கிறோமோ அது இந்தத் தட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதை மையத்தில் வைக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்கு அப்போது உறைக்கவில்லை. தாங்கள் பாடுவதற்காகத் தாங்கள் எழுதிய பாட்டில் பெண்களுக்கும் இடம் கொடுத்தோம் என்ற மனநிலை தட்டு முழுக்கத் தெரிகிறது. சரிபாதி கொடுத்தது பெரிய மனதுதான். முழுவதும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியில் ஒரு வேடிக்கை. பாட்டு முடியும் தருவாயில் திடீரென்று யோடல் வருகிறது. ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களின் கூவல் அது. மார்புக் குரலிலிருந்து சட்டென்று தலைக்குரலுக்குத் தாவி மறுபடி இறங்குவது. உலக அன்பைப் பற்றிய பாட்டில் மலைநாட்டுக் கூவலுக்கு என்ன வேலை என்று கேட்டால் நியாயமான பதில் இல்லை. சிலருக்கு இது எரிச்சல். எனக்கென்னவோ தட்டிலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று படுகிறது. அதுவரை நல்லொழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நால்வரும் அந்த இடத்தில்தான் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்து சிரிக்கிறார்கள். கூச்சமில்லாமல் எதையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் இந்தத் துணிச்சல் அவர்களை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

லேபிளுக்கு வருவோம். 'பியோர்ன் & பென்னி, அக்னேதா & ஆனி-ஃப்ரீட்'. இதுதான் பாடியவர்களின் இடத்தில் அச்சானது. பின்பக்கத்தில் 'மெரி-கோ-ரவுண்ட்' என்ற பாட்டு. முன்பக்கத்துப் பெயர்வரிசை வாய்க்குள் நுழையாத நீளம் என்று ரேடியோக்காரர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. ஏன் ஒரு குழுப்பெயர் வைக்கவில்லை? வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் பதில். குழுப்பெயர் என்பது தொடர்ந்து இயங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு. இங்கே இருந்தது தனித்தனியே விலைபோகும் நான்கு பெயர்கள். அக்னேதா அப்போது க்யூபோல் நிறுவனத்தின் ஒப்பந்தப் பாடகி. அவருடைய தனித்தட்டுகள் 1975 வரை அங்கேதான் வந்தன. ஃப்ரீடா இ.எம்.ஐ.யிலிருந்து அந்த ஆண்டுதான் போலாருக்கு மாறினார். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி ரசிகர்கள், தனி நிகழ்ச்சிகள். இத்தனையும் இருக்க, சந்தைக்கு வந்தது ஒருமுறைக் கூட்டணி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஹேய் காம்லே மான்' வந்தபோது பெயரில்லாமல் நின்ற இரு பெண்களும் இம்முறை சம எழுத்தில் அச்சேறியிருக்கிறார்கள். நான்கு குரலும் நான்கு பெயரும் முதல் முறையாக ஒரே சிங்கிளில் சேர்ந்தது இங்கேதான். இதை முதல் தட்டு என்று சொல்வதற்கு ஆதாரம் இந்த லேபிள்தான்.

'ஆனாலும் இது தோல்விப் பாட்டுதானே' என்று அடுத்த கேள்வி வரும். அதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் அப்போது மூன்று பட்டியல்கள் ஓடின. 'ஸ்வென்ஸ்க்டாப்பன்' வானொலிப் பட்டியல் ஸ்வீடிஷ் மொழிப் பாட்டுகளுக்கு மட்டும். 'டியோ இ டாப்' இளைஞர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. 'க்வெல்ஸ்டாப்பன்' விற்பனைக் கணக்கு. அதில் சிங்கிளும் நெடுந்தட்டும் ஒரே வரிசையில் மோத வேண்டும். ஆங்கிலத்தில் பாடியதால் முதல் பட்டியலின் கதவு இந்தப் பாட்டுக்குத் தானாகவே அடைபட்டது. உள்ளூர்க் குடும்பங்கள் வாரந்தோறும் கேட்ட, புகழ் வாங்கித் தர வல்ல பட்டியல் அது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போனது ஒரு பந்தயம்: உள்நாட்டில் சுலபமாகக் கிடைக்கக்கூடிய புகழை வைத்து வெளிநாட்டுச் சந்தையைப் பிடிக்கப் பார்ப்பது. உள்ளூரில் அப்படியும் பாட்டு விழுந்துவிடவில்லை. உலகக் குழுக்களின் நெடுந்தட்டுகளும் சேர்ந்து நெருக்கிய க்வெல்ஸ்டாப்பனில் 17ஆம் இடம் வரை போனது. இப்போது இருக்கும் தனித்த சிங்கிள் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு 17 என்றால் சுமார்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

வெளிநாட்டுப் பந்தயம் அமெரிக்காவில் என்னவாயிற்று? அங்கே தட்டை எடுத்துக்கொண்டது ப்ளேபாய் ரெக்கார்ட்ஸ். ஆமாம், அந்தப் பத்திரிகைக்காரர்கள்தான். அப்போதுதான் இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் நாலு பெயரைச் சுமக்கத் தயாராக இல்லை. 'பியோர்ன் & பென்னி', அதன்பின் அடைப்புக்குறிக்குள் 'ஸ்வென்ஸ்கா ஃப்ளிக்காவுடன்' என்று போட்டார்கள். ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருத்தியுடன் என்று பொருள். ஒருத்தி! நாட்டிலேயே முன்னணியில் இருந்த இரண்டு பாடகிகள், கடல் தாண்டியதும் பெயரில்லாத ஒரு பெண்ணாகச் சுருங்கிப்போனார்கள். தட்டைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பலமும் அந்தப் புது நிறுவனத்துக்குப் போதவில்லை. கேஷ்பாக்ஸ் பத்திரிகையின் பட்டியலில் 114ஆம் இடம், ரெக்கார்ட் வேர்ல்டில் 117. நூறுக்குள் வராமலே முடிந்தது. எண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் ஸ்வீடனிலிருந்து போன ஒரு பாப் தட்டு அமெரிக்கப் பட்டியலின் வாசல்வரை வந்ததே அன்றைக்குச் செய்திதான். ஸ்டிக் ஆண்டர்சன் இதை அடி விழுந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. வழி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்.

ஒருமுறைக் கூட்டணி அதோடு முடியவில்லை என்பதற்கு அடுத்த சில மாதங்களே சாட்சி. அதே ஆண்டு நவம்பரில் 'ஹி இஸ் யுவர் பிரதர்' வந்தது. அதே நான்கு பெயர், அதே சகோதரத்துவக் கருத்து. இது கேட்க இன்னும் நன்றாகவே இருக்கும். பல ஆண்டு கழித்து 1977 சுற்றுப்பயணத்திலும் மேடையில் பாடினார்கள். பிறகு 1973 ஜனவரியில் 'ரிங் ரிங்' பதிவு. இங்கேதான் ஒலி மாறியது; எப்படி மாறியது என்பதைத் தெரிந்துகொண்டால் 'பீப்பிள் நீட் லவ்' ஏன் வேறு மாதிரி கேட்கிறது என்பதும் விளங்கும்.

அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பற்றிய ஒரு புத்தகத்தை ட்ரெட்டோ படித்தார். ஸ்பெக்டரின் பாட்டுகளில் இசை ஒரு சுவர்போல எழுந்து நிற்கும். ஒரே அறைக்குள் பியானோ, கிதார் என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பேர் வாசிக்க வைப்பார். ஸ்டாக்ஹோமில் அத்தனை கலைஞர்களுக்குக் கொடுக்கப் பணம் ஏது? ட்ரெட்டோ கண்ட வழி, அதே குழுவை அதே இசையை இரண்டாம் முறை வாசிக்க வைத்து முதல் பதிவின்மேல் சேர்ப்பது. அதிலும் ஒரு நுணுக்கம்: இரண்டாவது பதிவுக்கு முன் டேப்பின் வேகத்தை இம்மியளவு மாற்றிவிடுவார். சுருதி துளி விலகும். முற்றிலும் ஒன்றாகவும் இல்லாமல் அபசுரமாகவும் இல்லாமல் இரண்டும் உரசிக்கொண்டு நிற்கும். அந்த உரசலில் ஒலி பருத்துவிடும். குரல்களுக்கும் இதே வைத்தியம் பின்னால் நடந்தது. 'டான்சிங் குவீன்' ஏன் அப்படி ஜொலிக்கிறது என்றால் அடிப்படை இதுதான்.

'பீப்பிள் நீட் லவ்' இந்தக் கண்டுபிடிப்புக்குப் பத்து மாதம் முந்தியது. எனவே அதில் சுவர் இல்லை. டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்கிறது, கிதார் கிதாராகவே கேட்கிறது. ஒரு அறையில் சிலர் வாசிக்க, நான்கு பேர் பாடுகிறார்கள் என்று கண்ணை மூடினால் தெரிகிறது. பூச்சு இல்லாத அபாவைக் கேட்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. பூச்சுதான் அபா என்று வாதிடுகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்; அவர்கள் வாதத்திலும் பொருள் இருக்கிறது.

'ரிங் ரிங்' 1973 பிப்ரவரியில் ஸ்வீடனின் யூரோவிஷன் தேர்வுப் போட்டியில் மூன்றாம் இடம்தான் பெற்றது. நடுவர்கள் அதைத் தள்ளினாலும் மக்கள் கடைகளில் அள்ளினார்கள். அதில் முன்னணியில் நின்றவை பெண் குரல்கள். 'பீப்பிள் நீட் லவ்' தட்டில் பாதிப் பாதியாக இருந்த பங்கீடு இங்கே பெண்கள் பக்கம் சாய்ந்தது. பிறகு ஆண்கள் பக்கம் அநேகமாகத் திரும்பவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த 'ரிங் ரிங்' நெடுந்தட்டில் 'பீப்பிள் நீட் லவ்', 'ஹி இஸ் யுவர் பிரதர்', ஜப்பானை வென்ற 'ஷீஸ் மை கைண்ட் ஆஃப் கேர்ள்' மூன்றையும் சேர்த்துப் போட்டார்கள். அட்டையிலும் நான்கு பெயர்கள்தான்.

நீளமான பெயரால் அலுத்துப்போனவர் ஸ்டிக். நான்கு முதலெழுத்தையும் சேர்த்து அவர் அபா என்றே சொல்லத் தொடங்கினார். கோதன்பர்க் பத்திரிகை ஒன்று பெயர் சூட்டும் போட்டிகூட நடத்திப் பார்த்தது; கடைசியில் ஸ்டிக் சொன்னதே நிலைத்தது. ஒரே சிக்கல், ஊறுகாய் மீனை டப்பாவில் அடைத்து விற்கும் பழைய ஸ்வீடன் நிறுவனம் ஒன்றும் அதே பெயரில் இருந்தது. அவர்களிடம் அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை போலும். 1974இல் வந்த 'வாட்டர்லூ' நெடுந்தட்டின் அட்டையில் அபா என்று போட்டு, பக்கத்திலேயே நான்கு பெயரையும் சேர்த்தே அச்சடித்தார்கள்.

குழுப்பெயர் வந்த பிறகு வந்த தட்டுதான் முதல் தட்டு என்று அடம்பிடிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பெயர் மட்டுமே அளவுகோல் என்றால் 1973இல் வந்த முழு நெடுந்தட்டையும் அபாவின் கணக்கிலிருந்து நீக்க வேண்டிவரும். யாரும் அப்படி நீக்குவதில்லை. குரல் மட்டுமே அளவுகோல் என்றால் பெயரே போடாமல் பெண்கள் பாடிக் கொடுத்த 1970ஆம் ஆண்டுப் பாட்டுக்குப் போக வேண்டும். அது அவர்களுக்குச் செய்த அநியாயத்தை வரலாற்றிலும் தொடர்வதாகிவிடும். நால்வரும் பாடி, நால்வரும் பெயர் போட்டுக்கொண்டு, முன்பக்கப் பாட்டாக வெளியிட்ட முதல் சிங்கிள் 1972 ஜூனில் வந்தது. வேறு எந்தத் தட்டுக்கும் இந்த மூன்று தகுதியும் அதற்கு முன்னால் சேர்ந்து அமையவில்லை.

பாட்டு நல்ல பாட்டா என்பது தனிக் கேள்வி. அபாவின் சிறந்த இருபதில் இதற்கு இடம் கிடையாது. ஐம்பதில் வேண்டுமானால் யோசிக்கலாம். தேவைக்கு மேல் நல்லெண்ணம், தேவைக்குக் குறைவாகப் பெண் குரல், எதற்கென்றே தெரியாமல் ஒரு யோடல். ஆனாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 'ரிங் ரிங்' நெடுந்தட்டில் இருக்கிறது. 1970களின் நடுவில் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பிலும் இருக்கிறது. இணையத்தில் தேடினாலும் உடனே கிடைக்கும். கேட்கும்போது முதலில் 'ஹேய் காம்லே மான்', அடுத்து 'பீப்பிள் நீட் லவ்', கடைசியாக 'ரிங் ரிங்' என்ற வரிசையில் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம்தான் ஆகும்.